தானே புயலுக்குத் தப்பியது, பலாச்சுளைக்குத் தப்பவில்லை

சேர்த்து வைத்திருக்கிற பழைய காசைத் தொடாதே என்று சொன்னால் நம் ஆட்களுக்கு அது "ஒரு தடவை தொட்டுப் பார்" என்றுதான் காதில் விழும்போல. கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. தொடாதீர்கள். அவ்வளவுதான் சொன்னேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் தெரியுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் கழுத்தில் வேர்வை வழிகிறது. பண்ருட்டியிலிருந்து மச்சான் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான். கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அத்தை பழத்தை அறுக்க, ஆளாளுக்குச் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதான் நான் காசுத் தட்டை வெளியே எடுக்கிற நாள். எடுத்தது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

"மாமா, இது என்ன குதிரை போட்ட காசு?" என்று கேட்டான் மச்சான். கேட்டதோடு விட்டிருக்கலாம். மூன்று விரலும் பிசுபிசுக்க, எண்ணெயும் பலாப்பாலும் வேர்வையும் கலந்த கட்டைவிரலைச் சரியாக சிங்கத்தின் முகத்தில் வைத்து அழுத்தி எடுத்தான். விளிம்பைப் பிடித்தானா? விளிம்பு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. என் முகம் போன போக்கைப் பார்த்து, "ஐயோ சாரி மாமா" என்று லுங்கியில் துடைக்கப் போனான். பாய்ந்து பிடுங்கினேன்.

அது என்ன காசு என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 1950 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த, குடியரசு இந்தியாவின் முதல் வரிசை நாணயங்களில் ஒன்று. ஒரு பைசா, அதாவது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காலணா. ஒரு பக்கம் அசோகர் தூண் சிங்கங்கள், மறுபக்கம் குதிரை. வெண்கலம். சந்தையில் கிடைப்பதெல்லாம் கையில் புரண்டு தேய்ந்து, புளியங்கொட்டை நிறத்தில்தான் இருக்கும். என்னுடையது புழக்கத்துக்கே போகாதது. தாத்தா எந்தக் காலத்திலோ காகிதத்தில் மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டது. நாணயச் சாலையிலிருந்து வந்தபோது இருந்த செந்நிறம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து எங்கள் வீட்டு மேல் ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. பீரோவுக்குள் தண்ணீர். அன்றைக்கும் அந்தக் காசு இருந்த டப்பாவில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்படிப்பட்ட காசு.

"ரேகைதானே மாமா, துடைச்சா போயிடும்." போகாதுடா. விரலில் எண்ணெய்ப்பசை மட்டுமா இருக்கிறது? உப்பு இருக்கிறது, லேசான அமிலம் இருக்கிறது. செம்பு கலந்த காசில் அது படிந்தால் சில நாள், சில வாரத்தில் மெல்ல அரித்து, ரேகை வரிவரியாகப் பழுப்பில் ஏறிவிடும். ஏறிய பிறகு அதற்கு மருந்தே கிடையாது. உலோகமே மாறிவிடுகிறது, எதை எடுப்பது? ஆனால் பட்ட சூட்டோடு கவனித்தால் காப்பாற்றலாம். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன். உப்புக்கு டிஸ்டில்ட் வாட்டர். தேய்க்காமல், துடைக்காமல். அதனால்தான் செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தேன்.

மருந்துக்கடைக்காரர் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து நீட்டினார். "இதுலயும் அசிட்டோன்தான் சார்." ஆமாம், கூடவே சாயம், வாசனை, நகம் வறண்டு போகாமல் இருக்க ஏதோ எண்ணெய். ஒரு பிசுக்கை எடுக்கப் போய் இன்னொரு பிசுக்கைப் பூசவா? பெயிண்ட் கடையில் கேட்டால் தின்னர். தின்னர் வேறு, அசிட்டோன் வேறு என்று நான் விளக்க ஆரம்பித்ததும், "எல்லாம் ஒண்ணுதான் சார், சுவத்துக்கா, மரத்துக்கா?" என்று கேட்டார். காசுக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். லேப் கெமிக்கல் விற்கும் கடை ஞாயிறு விடுமுறை. கடைசியில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை செய்கிற நண்பனை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி, புதுப்பாளையத்தில் அவன் வீட்டுக்கே போய் நூறு மில்லி பாட்டில் ஒன்றை வாங்கி வந்தேன். வழியில் பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர். எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அதிலா இந்தக் காசைக் கழுவுவது?

ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டுக்குள் நுழைந்தால், அத்தை சிரித்த முகமாக எதிரே வந்தார்.

"மாப்ள, நீங்க எதுக்கு வெயில்ல அலையறீங்க? புளி போட்டு ரெண்டு தேய் தேய்ச்சேன். பாருங்க, எப்படி இருக்குன்னு."

இருந்தது. ஆடி வெள்ளிக்கு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி இருந்தது. ரோஸ் நிறத்தில் கண்ணைப் பறித்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தையிடம் என்ன பேச முடியும்? அறுபது வருஷமாகச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளியில் விளக்கிய கை அது. பாத்திரத்துக்கு அது சரி. காசு பாத்திரம் இல்லையே! "களிம்பு ஏறின செம்பைத் தேய்க்காம வெப்பாங்களா?" என்கிறார். பாடலீஸ்வரர் கோயிலில் பிரசங்கம் கேட்டுப் பழகியவர், ஆணவ மலத்துக்கே செம்பில் களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் உவமை சொல்கிறது என்று எனக்கே பாடம் எடுத்தார். அத்தை, ஆன்மாவைத் தேய்த்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. காலணாவை விட்டுவிடுங்கள்.

எது போனது என்று இவர்கள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. அச்சு விழும் அந்த நொடியில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் அதில் பதிகின்றன. புழங்காத காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், வெளிச்சம் வண்டிச் சக்கரம் போல முகத்தில் சுற்றுமே, அது அந்தக் கோடுகளால் வருவது. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் மேலிருக்கிற மெல்லிய ஆக்ஸைடு படலத்தைக் கரைக்கிறது. கூடவே நாரும் விரலும் சேர்ந்து அந்தக் கோடுகளை மழித்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது வெறும் தகட்டுப் பளபளப்பு. அமெரிக்காவில் காசுக்குத் தரம் போடும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி நிறுவனங்களுக்கு இப்படிப்பட்டதை அனுப்பினால், தர எண் போடாமல், சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம். விற்றால்தான் வலிக்குமா?

அத்தையையாவது விட்டுவிடலாம். இந்த வீடியோக்காரர்களை என்ன செய்வது? "இரண்டே நிமிடத்தில் பழைய நாணயம் புதுசு!" எலுமிச்சை, விபூதி, டூத்பேஸ்ட், கோலா. டூத்பேஸ்டில் பல்லைத் தேய்க்கவென்றே நுண்ணிய துகள் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து விக்டோரியா ராணி கன்னத்தைத் தேய்த்தால் ராணிக்கு என்ன ஆகும்? அது ஓடி முடிந்ததும் அடுத்த வீடியோ, உங்கள் வீட்டு ஐந்து ரூபாய்க்கு லட்ச ரூபாய். முதலில் காசைக் கெடுக்கக் கற்றுக்கொடு, அப்புறம் விற்கச் சொல்லு. நல்ல பிழைப்பு.

விற்கிறவர்களும் யோக்கியமில்லை. புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு தடவை பிரெஞ்சுக்காரர் காலத்து 'டூடூ' என்கிற செப்புக்காசு ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் அடித்த செப்புக்காசில் நம் எழுத்து! கையில் எடுத்தாலே ஒரு சந்தோஷம். ஆனால் கடைக்காரர் அதை மலிவான பி.வி.சி. கவரில் போட்டு எத்தனை வருஷம் வைத்திருந்தாரோ, மேலே பாசி மாதிரி பச்சைப் பிசுக்கு. அந்த பிளாஸ்டிக் வெயிலில் மெல்ல மெல்லக் கெட்டு அமிலத்தைக் கக்கும், செம்பைப் பச்சையாக்கும். "அது பழசுக்கு அடையாளம் சார்" என்றார். பக்கத்துத் தட்டில் பளபளவென்று சோழர் காசுகள். ஆயிரம் வருஷ ராஜராஜன் செப்புக்காசு மின்னினால் ஒன்று போலி, இல்லையென்றால் யாரோ ஒரு அத்தையிடம் மாட்டிய காசு.

அந்த டூடூ காசுக்கு அசிட்டோன் வேலை செய்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்து (குபீரென்று பற்றிக்கொள்ளும் சரக்கு அது, சாமி விளக்குக்கூட எரியக் கூடாது), கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை அமிழ்த்தி வைத்தேன். கண்ணாடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் தடவை நான் கல்யாண வீட்டு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினேன். டம்ளர் இளகிக் காசின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லாதது நான் செய்த புண்ணியம். பத்து நிமிஷம் விட்டு லேசாகச் சுழற்றினால் பச்சை கரைந்து இறங்கும். அப்புறம் புது அசிட்டோனில் இன்னொரு முக்கு. இதை விட்டுவிட்டால் கரைந்த பிசுக்கே காய்ந்து திரும்பப் படியும். விளிம்பைப் பிடித்து எடுத்து டிஷ்யூவில் சாய்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். துடைக்க வேலையே இல்லை. பச்சை போனது. அடியில் அரித்திருந்த குழிகள் போகவில்லை. போகாது. அமிலம் தின்றதை அசிட்டோன் எங்கிருந்து கொண்டு வரும்?

இவ்வளவையும் அன்றிரவு சோற்றுக்கு முன்னால் மச்சானுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். "அப்ப காசைக் கையால தொடவே கூடாதா மாமா? காசுன்னா தொடத்தானே?" என்றான். மேற்கொண்டு நான் பேசவில்லை. என் மனைவி சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நூறு மில்லி அசிட்டோனும் மூடி திறக்காமல் பீரோவில் இருக்கிறது. தேய்த்து வெறுமையாகிப்போன செம்பு காற்றுப் பட்டாலே நிறம் மாறும், அதுவும் நம் கடற்கரைக் காற்று. அத்தை தேய்த்து முடித்ததும் காசை எப்படிப் பிடித்துக்கொண்டு என்னிடம் காட்டினார் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. நேற்று ராத்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிங்கத்தின் மேல் ஒரு ரேகை பழுப்பில் ஏறியிருக்கிறது. ரேஷன் கடை மெஷின்கூட ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவு தெளிவு. மச்சான் விரல் அவ்வளவு சிறியது இல்லை.