'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' முதலிடம் பிடித்தது 1988-இல்

அமெரிக்க ராக் இசைக்குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் முதல் ஆல்பம் 'அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்', 1987-இல் வெளியான வாரமே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆண்டு சரி, ஆனால் முதலிடம் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. ஜூலை 21, 1987-இல் வெளியான ஆல்பம், ஆகஸ்ட் கடைசியில்தான் அமெரிக்காவின் வாராந்திர ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலுக்குள் நுழைந்தது, அதுவும் 182-ஆம் இடத்தில். இசைத் தொலைக்காட்சியான எம்டிவி முதலில் ஆல்பத்தின் 'வெல்கம் டு தி ஜங்கிள்' பாடல் வீடியோவைப் போடத் தயங்கியது. போட்டபோதும் நள்ளிரவுக்குப் பிறகுதான். ஓயாத கச்சேரிகள், அப்புறம் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' பாட்டு எல்லாம் சேர்ந்துதான் ஆகஸ்ட் 1988-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோயின. எனக்கென்னவோ, ஓராண்டு மெல்ல ஏறிய இந்தக் கதைதான் சுவாரசியம்.

சரிபார்ப்பது எளிது. பில்போர்டு தளத்தில் பழைய வாரங்களின் பட்டியல் தேதிவாரியாக இருக்கிறது. ஆகஸ்ட் 1987-இல் எந்த வாரத்தைத் திறந்தாலும் முதலிடத்தில் விட்னி ஹூஸ்டனின் 'விட்னி' இருக்கும். பிறகு ஆகஸ்ட் 6, 1988 தேதியிட்ட பட்டியலைத் திறந்து பாருங்கள். தேடும்போது ஆல்பங்களுக்கான 200 பட்டியலைத்தான் எடுக்க வேண்டும். ஹாட் 100 தனிப்பாடல்களுக்கானது.