பாரன் இல்லாத பாரனிகள்
பாரனி பற்றிய கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் "பாரன் பட்டம் பெற்ற பிரபு ஆண்ட நிலமே பாரனி" என்று அதில் ஒரே வரியில் முடித்தது அயர்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே பாரனி என்பது கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) உள்ளே ஒரு பிரிவு, அவ்வளவுதான். நம் ஊர் வட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பாரனிகளின் எல்லை, நார்மன்கள் வருவதற்கு முன்பே இருந்த கேலிக் (அயர்லாந்துப் பூர்வகுடி) குடித்தலைவர்களின் நிலப்பரப்பை ஒட்டிப் போட்டது. அந்தப் பெயரில் ஒரு பாரன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

1650களில் வில்லியம் பெட்டி நடத்திய டவுன் சர்வே (Down Survey) என்ற நில அளவையில் பாரனி வாரியாகத்தான் வரைபடம் போட்டார்கள். பறிமுதல் செய்த கத்தோலிக்கர் நிலத்தைப் பங்கு போடுவதற்கான அளவை அது! அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் சாலை, பாலச் செலவுக்கான வரியையும் பாரனிக் கணக்கில் வசூலித்தார்கள். 1898 உள்ளாட்சிச் சட்டத்தோடு நிர்வாகத்தில் அதன் வேலை முடிந்தது. ஆனாலும் பழைய நிலப் பதிவேட்டில் "இன்ன டவுன்லாண்ட் (அங்குள்ள மிகச் சிறிய நிலப் பிரிவு), இன்ன பாரனி" என்ற வரி இன்னும் நிற்கிறது. பூர்வீகம் தேடுபவர்கள் முதலில் முட்டி நிற்பதும் அந்த வரியில்தான்.

ஸ்காட்லாந்து கதை நேர் எதிர். அங்கே பாரனி நிலத்தை வாங்கினால் பாரன் பட்டமும் கூடவே வந்தது. 2004 நவம்பரில்தான் இரண்டையும் பிரித்தார்கள். இப்போது ஒரு காணி நிலம் கைமாறாமலேயே பட்டம் மட்டும் விலைக்குப் போகிறது. வாங்கி என்ன செய்வார்களோ!