"தற்காலிகமாக" என்றால் எத்தனை மணி நேரம் ஐயா?

இன்று காலை காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஓர் அஞ்சல் வந்தது. எங்கள் கேபிள் காரில் நீங்கள் மேற்கொண்ட வான்வழிப் பயணம் எப்படி இருந்தது, 5 நட்சத்திரங்களில் எத்தனை வழங்குவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மேற்கொண்ட பயணமாம்! அந்தப் பெட்டியின் கதவுக்குப் பதினைந்தடி தள்ளி மூன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, அதில் ஏறாமலேயே கடலூருக்குத் திரும்பியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

எந்த நாடு, எந்தப் பூங்கா என்பதெல்லாம் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனால் தவறாமல் அழைத்துச் செல்லப்படும் அந்த மாதிரி இடம்தான். தங்கும் விடுதியும் அவர்களுடையது, கேளிக்கைப் பூங்காவும் அவர்களுடையது, இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் ஓடும் கேபிள் காரும் அவர்களுடையது. அறைக்கு வெளியே வந்தால் பெட்டி, பெட்டியைவிட்டு இறங்கினால் பூங்கா என்று ஆசை காட்டித்தான் பக்கத்து விடுதியைப்போல் ஒன்றரை மடங்கு வாடகை வாங்கினார்கள். வானிலை காரணமாக அந்த வாடகை மட்டும் ஒரு காசுகூடக் குறையவில்லை.

மாலை 5 மணிக்கு, முழங்கால் வலியோடு நாள் முழுக்க நடந்த என் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தோம். பெட்டிகள் வரிசையாக அசையாமல் தொங்கின. பலகையில் "வானிலை காரணமாகச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வானம் வெளுத்த வேட்டியாக இருந்தது. மேற்கே ஒரு மூலையில் மட்டும் கரிச்சட்டியின் அடியைப்போல ஒரு மேகம் நின்றது.

"எங்கேயோ மின்னல் அடிச்சிருக்கு அத்தை. கடைசி மின்னலிலிருந்து 30 நிமிஷம் போகணுமாம்" என்று தம்பி மகன் விசாரித்துக்கொண்டு வந்தான். முப்பது நிமிடந்தானே என்று நானும் வரிசையிலேயே நின்றேன். 26-ஆம் நிமிடம் எங்கேயோ கண்காணாத தொலைவில் இன்னொரு மின்னல் அடித்ததாம்; கணக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். அடுத்த முறை 19. அதற்கடுத்த முறை 28! பரமபதத்தில் வைகுண்டத்துக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது பாம்பு வாயில் விழுந்து முதல் வரிசைக்கு வந்தவனின் வயிற்றெரிச்சலை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். தங்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கையும் அவர்களாக யாருக்கும் அறிவிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவன் ஒவ்வொரு முறையும் போய்க் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு வந்த தகவல் அது. ஒலிபெருக்கி என்னவோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, தேன் தடவிய குரலில், தற்காலிகம் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

நிறுத்துவதற்கான காரணம் எனக்கும் புரிகிறது. ஒரே எஃகுக் கம்பியில் பிடியால் கவ்விக்கொண்டு தொங்கும் பெட்டிகள் பக்கவாட்டுக் காற்றில் ஊஞ்சலாடினால் கோபுரத்தில் மோதக்கூடும், கம்பியே உருளையைவிட்டு நழுவக்கூடும். அதற்காகத்தான் கோபுரங்களில் காற்றுமானி வைத்திருக்கிறார்கள். மின்னல் நேரத்தில் நடுவழியில் நின்றுவிட்டால் அந்தரத்தில் இருப்பவர்களை இறக்குவது சாமானிய வேலையும் அல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கைலைனர் என்ற கேபிள் காரையும் மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும் நிறுத்துகிறார்கள் என்று தம்பி மகன் எனக்கு ஆறுதல் சொன்னான். அங்கே நின்றால் பேருந்து விடுவார்களாம். சரி, நம் பழனியில் என்ன செய்கிறோம்? காற்று பலமாக அடித்தால் ரோப் கார் நிற்கும். அப்போது விஞ்ச் இருக்கிறது, யானைப்பாதை இருக்கிறது, அதுவும் வேண்டாம் என்றால் முருகா என்று படியேறலாம். இங்கே அந்த மூன்றரை மணி நேரமும், நடந்து போக முடியாதபடி நடுவே ஓர் ஏரியை வெட்டி வைத்துவிட்டு, மாற்று ஏற்பாடு "பரிசீலனையில் உள்ளது" என்றார்கள். இந்தச் சொல்லைக் கேட்பதற்கு நான் விமானம் ஏறியிருக்கவே வேண்டாம்.

வானிலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பதுதான் தாங்க முடியாத விஷயம். நான் கடலூர்க்காரி. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப்போட்டதைக் கண்ணால் பார்த்தவள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அதன் அருமை அந்த வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. 1 என்றால் எங்கேயோ தொலைவில் உருவாகியிருக்கிறது. 3 என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம். 8, 9, 10 என்றால் பெரிய அபாயம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இரு. 11-ஆம் எண் என்று ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது அதற்குப் பொருள். ஆக, ஒன்றும் தெரியவில்லை என்பதைச் சொல்வதற்கும் எங்கள் துறைமுகத்தில் ஓர் எண் உண்டு! கோடிகளைக் கொட்டிக் கேபிள் கார் கட்டியவர்களுக்கு ஒரு பலகையில் ஓர் எண்ணை எழுதிவைக்கத் தோன்றவில்லை. எழுதியிருந்தால் மாமியாரை உட்கார வைத்திருப்பேன், பிள்ளைகளுக்கு எதையாவது வாங்கிக் கொடுத்திருப்பேன். வரிசையைவிட்டு நகர்ந்த மறுநொடி திறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றோம்.

எட்டரை மணிக்குத்தான் ஒரு பேருந்து வந்தது. இருந்த கூட்டத்தில் பாதிப்பேர் ஏறினோம். பெரிய சாலையைத் தொட்டவுடன் நெரிசலில் நின்றது. அப்போது மாமியார் சன்னல் வழியாக மேலே காட்டினார். எங்கள் தலைக்குமேல், உள்ளே மஞ்சள் விளக்கு எரிய, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தன. ஆட்களை ஏற்றுமுன் வெறும் பெட்டிகளை ஓட்டிப் பார்ப்பார்களாம். நாங்கள் பேருந்தில் ஏறிப் பதினொரு நிமிடந்தான் ஆகியிருந்தது.

"ஏம்மா, தானே புயலப்போகூட உங்க மாமனார் சைக்கிள்ல போய்ப் பால் வாங்கியாந்தாரு" என்றார் மாமியார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். முன் இருக்கையிலிருந்த வெள்ளைக்கார அம்மாள் காரணம் புரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

அஞ்சலுக்குப் பதில் போடலாம் என்று பார்த்தால் குறைந்தது ஒரு நட்சத்திரமாவது கொடுத்தாக வேண்டும். ஏறவில்லை என்று குறிக்க இடமே இல்லை. இன்னொன்றையும் கேட்கத்தான் நினைத்தேன். அந்த வரிசையில் எங்கள் தலையில் கட்டிய மழைச்சட்டை, இந்த ஊர்க் கணக்கில் ஆயிரத்து எழுநூறு ரூபாய். பால் கவரைவிட மெல்லிசு. அன்று ஒரு பொட்டு மழை விழவில்லை. விழுந்திருந்தாலும் என்ன பயன்? என் மாமியாரின் கொண்டைக்கு மேல் அதன் தொப்பி ஏறவே இல்லை.