அந்த '10 நிமிட' கணக்கு பற்றி

மேலே ஒருவர், மாணவர்களால் பாடத்தை 10 முதல் 15 நிமிடம்தான் கவனிக்க முடியும், அப்புறம் எதுவும் ஏறாது, இது ஆய்வில் நிரூபணமானது என்று எழுதியிருக்கிறார். நடுநடுவே மாற்றம் வேண்டும் என்ற அவர் யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

2007-இல் கேரன் வில்சன் (Wilson), ஜேம்ஸ் கார்ன் (Korn) என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்தக் கூற்றின் மூலத்தைத் தேடி, மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளைத் திரும்பப் படித்தார்கள். அவற்றில் சில, மாணவர்கள் எவ்வளவு குறிப்பெடுத்தார்கள் என்று பார்த்தவை. பேனா நின்றால் கவனம் போய்விட்டது என்று அர்த்தமா? அந்த நேரத்தில் எழுதிக்கொள்ளும்படி ஆசிரியர் எதுவும் சொல்லாமலும் இருந்திருக்கலாமே.

2010-இல் டயான் பன்ஸ் (Bunce) என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் போனது. வேதியியல் வகுப்பில் கவனம் சிதறினால் மாணவர்களே கையிலுள்ள கிளிக்கரை (பொத்தான் வைத்த சிறு கருவி) அழுத்த வேண்டும். சிதறல்கள் 10 நிமிடத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆரம்பத்திலேயே வந்தன, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தன. செய்முறை காட்டியபோதும் கேள்வி கேட்டபோதும் குறைந்தன. அதையடுத்து வந்த விரிவுரையிலும் குறைவுதான். (எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.)

சரிபார்ப்பது எளிது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இந்தப் பெயர்களையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். கட்டுரைச் சுருக்கங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். 10 நிமிடம் என்று சொல்பவர் ஓர் ஆய்வைக் காட்டினால், அதில் அளந்தது கவனத்தையா, குறிப்பேட்டையா என்று மட்டும் பாருங்கள்.