பழைய டிவிக்குள் சிவப்பு பாதரசமா?

"பழைய கறுப்பு வெள்ளை டிவி, வால்வு ரேடியோவுக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறது, ஒரு கிராம் பல லட்சம்" என்ற செய்தி கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றுகிறது. பொய். அப்படி ஒரு பொருளே கிடையாது.

கூட வரும் வீடியோவில் ஒரு சிவப்புத் துளி பூண்டைக் கண்டு ஒதுங்குகிறது, தங்கத்தைக் கண்டு ஓடி வருகிறது. (பாதரசமா, பேயா?) உண்மையான பாதரசம் வெள்ளி நிறம். அதுவும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் சிவப்புதான், ஆனால் அது திரவமல்ல, டிவியிலும் கிடையாது. 2009-இல் சவுதி அரேபியாவில் இதே புரளி சிங்கர் தையல் மெஷினைப் பற்றிக் கிளம்பி, பழைய மெஷின்களின் விலையைக் கன்னாபின்னாவென்று ஏற்றியது. டிவியின் சர்க்யூட் போர்டில் காயிலின் (கம்பிச் சுருளின்) திருகு மேல் தெரியும் சிவப்பு, திருகு நகராமல் இருக்கப் பூசிய வெறும் பெயின்ட்.

சரி, பழைய டிவியில் என்னதான் தேறும்? படம் தெரியும் பெரிய கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றிய யோக் காயிலில் செம்பு இருக்கும். காயலான் கடையில் எடைக்குப் போகும். டிரான்சிஸ்டர், டிரான்ஸ்பார்மரை மீட்டரில் பார்த்து, நல்லதாக இருந்தால் ரிப்பேர் கடைக்காரர் வாங்குவார். மின்சாரத்தைச் சேமிக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் பெரும்பாலும் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து போயிருக்கும், அதை விற்காமல் இருப்பதே நல்லது.

புரளியை நம்பி பிக்சர் டியூபை மட்டும் உடைக்காதீர்கள். உள்ளே வெற்றிடம்; கண்ணாடி வெடித்துச் சிதறும். அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.