விழுந்த கையை இழுக்காதீர்கள்

11 வருடமாக பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். பக்கவாதம் வந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் அவருடைய தோள்பட்டைக்குத்தான் போகும். எத்தனையோ வீடுகளில் அந்தத் தோள் வலியை உண்டாக்கியது வீட்டாரின் பாசம்தான்.

அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்ப, விழுந்த கையைப் பிடித்து ஒருவர் இழுப்பார். இல்லாவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். தோள் மூட்டின் குழி ஆழமே கிடையாது. சுற்றியுள்ள தசைகள்தான் கையை அதில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தளர்ந்துவிட்டால் கையின் கனமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அந்த நிலையில் ஒரு இழுப்பு போதும், மாதக்கணக்கில் வலிக்கும். வலி கண்டவர் கையைத் தொடவே விடமாட்டார். அப்புறம் எப்படிப் பயிற்சி கொடுப்பது? உட்காரும்போது மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கையை வையுங்கள். எழுப்பும்போது இடுப்பைப் பிடியுங்கள்.

அடுத்தது, கையில் திணிக்கும் அந்த மஞ்சள் ஸ்மைலி பந்து. நிறைய பேருக்கு விரல் ஏற்கெனவே மடங்கி இறுகிக்கொண்டுதான் வரும். விரிக்க முடியாததுதான் அவர்கள் பிரச்சினை. அவர்களை நாள் முழுக்க மடக்கச் சொல்லி என்ன பயன்? எல்லோருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"கரண்ட் வைக்கலையா சார்?" என்று கேட்காத வீடு இல்லை. தசைக்கு லேசாக மின்சாரம் கொடுத்து அசைய வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிலருக்கு அதுவும் உதவும், சரி. ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளை புது வழியைப் பழகுகிறது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த நாட்களை எண்ணெய் நீவிக்கொண்டே கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். நல்ல திட்டம். ஆனால் அவர் கிளம்பிய பிறகு மிச்ச நேரமெல்லாம் உங்கள் பொறுப்பில்தானே?

போன மாதம் ஒரு வீட்டில் மருமகள் மாமியாருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். தட்டை அந்த அம்மா முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி உட்காரச் சொன்னேன். விழுந்த வலது கையால் ஒரு இட்லி சாப்பிட இருபது நிமிடம் ஆனது. பாதி சேலையில் விழுந்தது. மருமகள் பார்க்க முடியாமல் அழுதுவிட்டார். அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "இன்னொண்ணு வை" என்றார்.