பழைய கஞ்சிலுக்கு முதலில் கேஜ், அப்புறம் பில்டர்

பினாங்கின் பாலிக் பூலாவ் மலை ஏற்றத்தில் திணறும் பழைய பெரோடுவா கஞ்சில் 850 காருக்கு ‘ஓப்பன் பில்டரும் (மூடியில்லாத காற்று வடிகட்டி) பெரிய எக்சாஸ்டும் (புகைக்குழாய்) போடுங்கள்’ என்கிறது ஒரு கட்டுரை. இந்த வரிசை தப்பு. பானட்டுக்குள் காற்று 60 டிகிரி, வெளியே 30. ஓப்பன் பில்டர் அந்தச் சூட்டுக் காற்றை இழுத்தால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். காசு கொடுத்து பவரைக் குறைப்பதுதான் இது! பெரிய குழாய் போட்டால் சத்தம்தான் மிச்சம், ஏற்றத்துக்குத் தேவையான கீழ் ஆர்பிஎம் (என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதான) இழுவையும் போகும்.

முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பாருங்கள். என்ஜின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, இக்னிஷன் லைனைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர். மூன்று அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) இறுகியது மட்டும் என்றால், அதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை.

அடுத்தது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். என்ஜினை அணைத்து, பில்டர் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துக்கொண்டு திராட்டல் கேபிளை இழுங்கள். பெட்ரோல் கோடாகப் பீச்ச வேண்டும். சொட்டினால், மிதிக்கும்போது பெட்ரோலைப் பீச்சும் பம்பின் ரப்பர் சவ்வு (டயாப்ரம்) விறைத்திருக்கலாம். மிதித்ததும் ‘ம்ம்’ என்று அமுங்குவது பெரும்பாலும் இதனால்தான். பெடலை ஒருவர் மிதிக்க, காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்பிளை தகடு முழுசாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் தொய்ந்து முக்கால்வாசிதான் திறக்கும் கார்கள் நிறைய. ஒர்க்‌ஷாப் ஃபோர்மன்கூட (மெக்கானிக்) இதைக் கவனிப்பதில்லை.

நாக்கிங் (என்ஜின் தட்டும் சத்தம்) இல்லாத என்ஜினுக்கு விலை கூடிய ரோன் 97 பெட்ரோல் வீண்.